குமரி மலைகளுக்கு மாணவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் எந்தத் தெருவில் நின்று வடக்கே பார்த்தாலும் மலை தெரியும். இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். அரை மணி நேரத்தில் அடிவாரம், ஒரு ஏற்றம், உச்சியில் குழுப்படம், மதியம் திற்பரப்பு அருவியில் குளியல், வழியில் மாத்தூர் தொட்டிப்பாலம், இருட்டுமுன் வீடு என்று ஒரே நாளில் திட்டம் போட்டுவிடுகிறோம். நான்கு இடம் பார்த்த மாணவர்களிடம் மறுவாரம் கேட்டால் எந்த ஓடை எந்த ஆற்றில் விழுகிறது என்றுகூடச் சொல்லத் தெரியாது.

மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,684 சதுர கிலோமீட்டர்தான். இதற்குள் கடற்கரை, உப்பளம், வயல், தென்னை, ரப்பர், கிராம்புத் தோட்டம், மழைக்காடு என்று எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. நெல்லை எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி 1,654 மீட்டர். இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு மாற்றம் இருக்கிற இடத்தில் பல ஊருக்கு வண்டி ஓட்டுவதைவிட, ஒரே சரிவில் இரண்டு மூன்று நாள் நடப்பதுதான் படிப்புக்கு உதவும். ஒரு பொற்றை (சிறு பாறைக்குன்று), ஒரு ஓடை, மலையில் வாழும் ஒரு ஊர். இந்த மூன்றும் போதும்.

எப்போது போவது

பொங்கல் கழிந்து பிப்ரவரி நடு வரைக்கும் உள்ள நாட்கள்தான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகளில் தெளிந்த தண்ணீர் ஓடும், அட்டை குறைந்திருக்கும், புல் முழுசாகக் காய்ந்திருக்காது. அதற்குப் பிறகு தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்ததை மாணவர்களின் பெற்றோர் யாரும் மறக்கவில்லை. அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்ததும் அதன்பிறகுதான். 2025இல் அரசின் மலையேற்றப் பாதைகளைப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடி வைத்தார்கள். செமஸ்டர் முடிந்து ஏப்ரலில் போகலாம் என்று நினைக்கும் கல்லூரிகள் இந்தத் தேதிகளை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். மேற்கே களியல், குலசேகரம் பக்கம் நன்றாகப் பெய்யும். கிழக்கே ஆரல்வாய்மொழியில் அதே நாளில் காற்று மட்டும் அடிக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் ஆபத்தான மாதங்கள். நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே பெய்த மழை ஓடையில் இறங்கி வரும். தண்ணீரின் நிறம் கலங்குவது, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் கரையேறிவிட வேண்டும். அக்கரையில் பை கிடக்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன் என்று இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆற்றைக் கடந்து போகும் பாதை என்றால், திரும்புவதற்குக் கடக்க வேண்டாத ஒரு வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் அந்த மாதங்களில் அந்தப் பாதை வேண்டாம்.

அனுமதி

குமரி வன உயிரின சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தின் காட்டில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடுகிறது. உள்ளே நடப்பதற்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதம் முன்னால் எழுதுங்கள். கடிதத்தில் போகும் நோக்கம், நாள், பாதை, பெயர்ப் பட்டியல், வயது, ரத்த வகை, ஒவ்வொருவரின் வீட்டுத் தொலைபேசி, பொறுப்பாசிரியர் பெயர் எல்லாம் இருக்கட்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து தனியாக. ‘கல்விச் சுற்றுலா’ என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பும் கடிதங்கள் மேசையில் கிடக்கும். ‘இன்ன ஓடையில் நீர்வாழ் பூச்சிகளை எண்ணிவிட்டு அங்கேயே விடுவோம், எதையும் வெளியே கொண்டுவர மாட்டோம்’ என்று குறிப்பாக எழுதினால் கேள்வி குறையும். சரணாலயத்துக்குள் ஒரு பூச்சியைப் பிடிப்பதற்கும் அனுமதி வேண்டும் என்பதை அறிவியல் ஆசிரியர்களே மறந்துவிடுகிறார்கள்.

எந்த வனச்சரகத்தில் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அழகியபாண்டியபுரம், பூதப்பாண்டி, வேளிமலை, குலசேகரம், களியல் என்று பிரித்திருக்கிறார்கள். மேலிடத்துக் கடிதம் கையில் இருந்தாலும், சரக அலுவலகத்துக்கு இரண்டு நாள் முன்னால் நேரில் போய்ச் சொல்லாவிட்டால் சோதனைச் சாவடியில் காலைப் பொழுது போய்விடும்.

எளிய வழி ஒன்றும் உண்டு. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நம் மாவட்டத்துப் பாதைகளும் இருக்கின்றன. காளிகேசம் அதில் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்யலாம், வழிகாட்டியாகப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வருவார்கள். முதன்முறை அழைத்துப் போகிறவர்களுக்கு இதுவே நல்லது. அளவெடுக்கவோ ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசவோ நேரம் வேண்டுமென்றால் மட்டும் தனி அனுமதிக்கு அலையுங்கள்.

முதல் நாள்: மருந்துவாழ்மலை

நேராகக் காட்டுக்குள் கூட்டிப்போக வேண்டாம். பொற்றையடியில் ஏறும் மருந்துவாழ்மலையில் ஒரு காலைப்பொழுது போதும், யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் முழங்காலைப் பிடிக்கிறார், யார் தண்ணீரை முதல் அரை மணி நேரத்திலேயே குடித்துத் தீர்க்கிறார் என்று தெரிந்துவிடும். விடியுமுன் ஐந்தரைக்கு அடிவாரத்தில் நில்லுங்கள். பாதி வரை படி, பிறகு பாறை. ஒன்பது மணிக்கு மேல் நிழல் கிடையாது, பாறை சூடேறிக் கையை வைக்க முடியாது. மேலே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தலைக்கு இரண்டு லிட்டர், அதில் ஒரு லிட்டரைத் தொடாமல் உச்சி வரை கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம் போல இருக்கட்டும்.

அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்ற கதையை யாரும் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேலும் இங்கே பார்க்க உண்டு. ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இங்கேதான் இருக்கிறது. அய்யா வைகுண்டரின் வழிவந்தவர்களுக்கும் இது புனித மலை, அவருடைய தலைமைப்பதி இருக்கும் சாமிதோப்பு பக்கத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக் கொடுமையை எதிர்த்து நின்ற இரண்டு பெரிய இயக்கங்களுக்கு ஒரே மலையோடு உறவு இருப்பதை மாணவர்களிடம் கேள்வியாகவே போடலாம்: கோயிலுக்குள் விடாத காலத்தில் மலை யாருக்கு இடம் கொடுத்தது?

உச்சியில் குழுப்படம் எடுத்து முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு தாளில் கண்ணுக்குத் தெரிவதை வரையச் சொல்லுங்கள். தெற்கே கடல். புத்தளம் பக்கம் உப்பளம். சுசீந்திரம், தேரூர் குளங்கள். 2022இல் ராம்சர் ஈரநிலமாக (உலக அளவில் முக்கியமான நீர்நிலையாக) அறிவிக்கப்பட்டவை. வடகிழக்கே ஆரல்வாய்மொழி கணவாய், முப்பந்தல் காற்றாலைகள். வடக்கே அசம்பு மலைத்தொடர், அதில் மல்லாந்து படுத்த பெண்ணைப் போலத் தாடகைமலை. சில மலைகளில் பச்சை நடுவே வெட்டுப்பட்ட வெள்ளைப் பாறை தெரியும், அதையும் வரையட்டும். அந்தக் கல் எங்கே போகிறது என்ற கேள்விக்கு, நெடுஞ்சாலையில் கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தாங்களே பதில் சொல்வார்கள். அடுத்த இரண்டு நாளும் இந்தத் தாள் பையில் இருக்க வேண்டும்.

இறங்கும்போது குப்பைக் கணக்கு. பாதையில் நூறு மீட்டர் கயிற்றால் அளந்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கிடப்பதைத் தண்ணீர் பாட்டில், தின்பண்டக் கவர், கண்ணாடி, பூசைப் பொருள், மற்றவை என்று ஐந்து சாக்கில் பிரித்து, எண்ணி, வில் தராசில் எடை போடுங்கள். அடிவாரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சிக்குக் கீழே ஒன்று என மூன்று இடத்தில் எடுத்தால் எது எவ்வளவு உயரம் வரை ஏறுகிறது என்று தெரியும். உடைந்த சாராயப் பாட்டிலைக் கையால் தொடக்கூடாது; இடுக்கியும் கனமான சாக்கும் வேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. பொறுக்கியதைக் கட்டி அடிவாரத்தில் வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். குரங்கும் நாயும் மறுநாள் காலைக்குள் கிழித்து, முன்பு பாதையில் கிடந்ததை ஊருக்குள் பரப்பிவிடும். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கே வந்து எடுக்கும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் பேசி முடிக்காமல் ஒரு சாக்கைக்கூட நிரப்ப வேண்டாம்.

மாலைக்கு நேரமிருந்தால் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து பக்கம், ஏற்றம் எளிது. திருச்சாரணத்துமலை என்ற பழைய பெயர் கொண்ட இந்தச் சமணப் பள்ளியில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி கொடுத்த பொன் நகையைச் சொல்கிறது. பிற்காலத்தில் பகவதி கோயிலானது. தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் நேரக் கட்டுப்பாடு உண்டு. வேளிமலை அடிவாரத்துக் குமாரகோவிலை இந்தப் பட்டியலில் சேர்ப்பதானால் பங்குனியில் போங்கள். வள்ளி திருக்கல்யாணத்தில் பெண் வீட்டாராகக் குறவர்கள் முருகனை மறித்துப் போரிட்டு விழும் குறவர் படுகளம் நடக்கும். மலையாட்களுக்குத் தங்கள் பெண்ணைக் கொண்டுபோனவன் மேல் இருக்கும் உரிமைச் சண்டை அது. வெயில் கடுமை, கூட்டமும் அதிகம். நடையோடு சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள்: ரப்பரும் ஓடையும்

சுற்றுச்சூழல் என்றதும் காட்டுக்குள் போய் அருவியைக் காட்டுகிறோம். பிரச்சினை இருப்பது காட்டுக்கும் வயலுக்கும் நடுவே உள்ள ரப்பரில். கீரிப்பாறை, மணலோடை, சிற்றார், கோதையாறு என்று அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள் நீண்டுகிடக்கின்றன. அவற்றைச் சுற்றித் தனியார் தோட்டங்கள். தொழிலாளர்களில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

விடியக் காலையில் போனால் பால் வெட்டுவதைப் பார்க்கலாம். ஒரு ஆள் முந்நூறு நானூறு மரம் வெட்டுவார். வேலை நடக்கும்போது பின்னால் நின்று கேள்வி கேட்டுத் தொல்லை தராமல், பால் எடுத்து முடித்துக் கட்டன்சாயா குடிக்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். “அண்ணே, மழைக்காலத்துல எத்தன நாள் வெட்டு இருக்கும்?” என்று தொடங்கினால் மற்றதெல்லாம் தானே வரும். மழையில் வெட்ட முடிவதற்காக மரத்தில் சுற்றும் பிளாஸ்டிக் பாவாடை, இலையுதிர் நோய்க்கு மழைக்கு முன் அடிக்கும் செம்பு மருந்து, களைக்கொல்லி, பாலை உறைய வைக்கும் ஆசிட், ஷீட் அடித்தபின் சாலில் இறங்கும் புளித்த தண்ணீர் எல்லாம் பேச்சில் வந்துவிடும். மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையைப் பயன்படுத்தாதபோது கவிழ்க்காமல் விட்டால் மழைநீரில் கொசு வளரும். அதை மாணவர்களே நூறு மரம் எண்ணிக் கணக்கெடுக்கலாம்.

‘ரப்பர் காட்டை அழித்தது’ என்ற வாக்கியத்தை எழுதிவிட்டு ஓய்ந்துவிடும் அறிக்கைகள் நிறைய. பாதிதான் சரி. வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் நிழலும் சருகும் மூடுபயிரும் மண்ணைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்கின்றன. மண் கரைவது வேறு நேரத்தில். இருபத்தைந்து முப்பது வருடத்துக்கு ஒருமுறை பழைய மரத்தை வெட்டி, ஜேசிபியால் தட்டு வெட்டி, புதுக் கன்று வைக்கிறார்கள். கன்று நிழல் கட்டும்வரை மூன்று நான்கு வருடம் நடுவே அன்னாசி. சரிவில் அன்னாசி போட்ட இடத்துக்குக் கீழே உள்ள ஓடையையும் பழைய தோட்டத்துக்குக் கீழே உள்ள ஓடையையும் ஒரே மழைக்குப் பிறகு, ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு மணி நேரம் தெளிய விடுங்கள். அடியில் படிந்த சேற்றின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் பாடம் முடிந்தது. அந்தச் சேறு கோதையாற்றில் இறங்கினால் 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையில்தான் தங்கும். அங்கிருந்துதான் வயலுக்கும் தண்ணீர்.

ரப்பரில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜனவரியில் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் தேன் கசியும். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீக்காரர்கள் பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைப்பது இதற்காக, பூவுக்காக அல்ல. ஒற்றைப்பயிர்த் தோட்டம் ஒன்று ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குச் சோறு போடுகிறது, மீதி மாதங்களில் அதே பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதும் மாணவர்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டவர்.

ஓடைப் பூச்சிக் கணக்கு செய்யும் முறை இது. கம்பி வளையத்தில் கொசுவலைத் துணி தைத்த வலை, வெள்ளை ட்ரே, பெயின்ட் பிரஷ், கைலென்ஸ், தெர்மாமீட்டர், பிஎச் தாள். தோட்டத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம். கீழிடத்தை முதலில் எடுக்க வேண்டும். மேலே தொடங்கினால் நீங்கள் கலக்கிய சேறே கீழே வந்து கணக்கைக் கெடுக்கும். கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் உள்ள, கல் மேல் சலசலத்து ஓடும் இடமாகத் தேர்ந்து, வலையின் வாய் தண்ணீர் வரும் திசையைப் பார்க்கப் பிடித்து, ஒருவர் அதற்கு முன்னால், தண்ணீர் வரும் பக்கம் நின்று, கல்லை ஒரு நிமிடம் காலால் புரட்ட வேண்டும். ட்ரேயில் கழுவிப் பத்து நிமிடம் எண்ணி, வகை பிரித்து, அங்கேயே விட்டுவிட வேண்டும். இப்படி ஒவ்வோரிடத்திலும் மூன்று முறை.

வால் மூன்று இருந்தால் பெரும்பாலும் மேஃப்ளை இளம்பூச்சி. இரண்டு வால், தட்டை உடம்பு என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணல்துகளால் கூடு கட்டித் தூக்கிக்கொண்டு நகர்வது கேடிஸ். இந்த மூன்றும் நிறைய இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது. சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் கழிவு சேர்கிறது. அதிகம் நடக்கும் தவறு: மேலிடத்தில் சலசலப்பில் எடுத்துவிட்டு, கீழிடத்தில் வசதிக்காகத் தேங்கிய கசத்தின் (ஆழமான நீர்க்குழியின்) ஓரத்தில் எடுப்பது. கசத்தில் அந்தப் பூச்சிகள் இயல்பாகவே குறைவு. தோட்டத்தின்மேல் பழி விழும், கணக்கு தப்பு. பெருமழை பெய்து ஒரு வாரத்துக்குள் எடுத்தாலும் இதே கதைதான். வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருக்கும். கசத்தில் குளிக்க விடவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் பாறை இடுக்கு இருக்கும்.

மூன்றாம் நாள்: காணி ஊர்

காணி என்ற பழங்குடி மக்களின் ஊர்கள் பேச்சிப்பாறை, கோதையாறு சுற்றியுள்ள மலைகளில் சிதறிக் கிடக்கின்றன: மோதிரமலை, தச்சமலை, குற்றியாறு, வில்லுசாரிமலை. தோட்டமலைக்கு நீர்த்தேக்கத்தைப் படகில் கடக்க வேண்டும். அரிசி மூட்டையும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அதே வழியில்தான். எல்லையின் அந்தப்பக்கம் கேரளத்திலும் இவர்கள் உறவினர்கள் இருக்கிறார்கள்.

அழைப்பு இல்லாமல் போகக்கூடாது. ஊர்த் தலைவர் மூட்டுக்காணியிடமும், அந்த ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் யாராவது இருந்தால் அவரிடமும் முன்னமே பேசி, அவர்கள் சொல்லும் நாளில் போங்கள். எட்டுப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஒரு முற்றத்தில் நிற்க வேண்டாம். இருபது பேர் இருந்தால் மற்றவர்கள் ஓடைக்கரையில் வேலை பார்க்கட்டும், மாற்றி மாற்றிப் போகலாம். வயதானவரைப் பாட்டா, பாட்டி என்றும் மற்றவர்களை அண்ணன், அக்கா என்றும் கூப்பிட்டால் போதும். ‘ஆதிவாசிகளே’ என்று மைக்கில் தொடங்கும் உரை வேண்டாம். பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுவதும் பழைய துணி கொடுப்பதும் அதைப் படமெடுப்பதும் வேண்டவே வேண்டாம். மதியச் சாப்பாட்டை அவர்களிடமே விலை பேசி ஏற்பாடு செய்யுங்கள். மரச்சீனி (மரவள்ளி) அவித்தது, காந்தாரி மிளகுச் சம்மந்தி, ஆற்றுமீன் கிடைத்தால் மீன்; இது போதும். தலைக்கு இவ்வளவு என்று முதல்நாளே பேசி, சாப்பிட்ட உடனே கையில் கொடுத்துவிடுங்கள்.

கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிப் பாடும் சாற்றுப்பாட்டு நோய்க்கும் சடங்குக்கும் உரியது. அதை மேடை நிகழ்ச்சியாகக் கேட்பது கோயில் பூசாரியிடம் ‘ஒரு அபிஷேகம் செய்து காட்டுங்கள்’ என்று கேட்பதற்குச் சமம். அவர்களாகப் பாடினால் கேளுங்கள், பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஏறுமாடம் (மரத்தின் மேல் கட்டும் குடில்) எப்படிக் கட்டுவது, ஈத்தையில் (மெல்லிய காட்டு மூங்கில்) எது கூடைக்கு ஆகும், எது கூரைக்கு ஆகும், தேன் எடுக்க எந்த நிலவு நாளில் போவார்கள், யானை வரும் பாதை எது என்று கேட்டால் ஆர்வமாகச் சொல்வார்கள்.

மருந்துச் செடியை மட்டும் கேட்க வேண்டாம். காரணம் இருக்கிறது. 1987இல் கேரளப் பக்கத்து அகத்தியமலையில் வழிகாட்டியாக வந்த காணி இளைஞர்கள் களைப்புத் தீரத் தின்ற பழம் ஒன்றை விஞ்ஞானிகள் கவனித்தார்கள். அந்தப் பழத்தின் செடியான ஆரோக்கியப்பச்சையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. வருமானத்தில் காணி மக்களுக்குப் பங்கு என்ற ஏற்பாடு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பேச்சுக்கு நடுவே காட்டிலிருந்து செடியைப் பறித்துக்கொண்டு போகிறவர்களும் கிளம்பினார்கள். ஒரு மாணவர் செடியின் படம், பெயர், பயன், இடம் நான்கையும் வாட்ஸாப்பில் போட்டால் அதே வேலை சிறிய அளவில் நடக்கும். இப்படிப்பட்ட அறிவால் வரும் பலனை அதற்கு உரியவர்களோடு பகிர்வதைப் பற்றி 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் பேசுகிறது.

யானையைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டுயானையைப் பிடித்து மேல் கோதையாறு காட்டில் கொண்டுவந்து விட்டபோது மாணவர்கள் பலர் யானைக்காக இரங்கிப் பதிவு போட்டார்கள். வாழைக்குலையையும் மரச்சீனியையும் ஒரே இரவில் இழந்து பழகிய வீட்டில் உட்கார்ந்து அதே விஷயத்தைக் கேட்கும்போது எழுதுவதற்கு வேறு வாக்கியம் தேவைப்படும். யாரையும் வில்லனாக்காமல் அதை எழுதச் சொல்லுங்கள்.

நடைக்கான சில்லறை விஷயங்கள்

இருபது மாணவர்களுக்கு நான்கு பெரியவர்கள். முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஓர் ஆசிரியர். இவர்களை யாரும் முந்தவோ பிந்தவோ கூடாது. ஏற்றத்தில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். எங்கே இருந்தாலும் மதியம் இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும், அருவி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. மாலை நான்குக்கு மேல் ரப்பர் ஓரத்தில் யானை இறங்கும். புதுச் சாணம், ஒடிந்து ஈரம் காயாத ஈத்தை, திடீர் மௌனம் இவற்றைக் கண்டால் பேச்சை நிறுத்தி வழிகாட்டி சொல்வதைச் செய்யுங்கள். செல்ஃபோனைத் தூக்குகிறவரைத் தடுப்பது கடைசி ஆசிரியரின் வேலை. காட்டுமாடு, மிளா மான் எதிரில் வந்தாலும் வழிவிட்டு நிற்பதுதான்.

அட்டைக்கு உப்பைத் தூவ வேண்டாம். நகத்தை வாய்ப்பக்கம் வைத்துத் தள்ளினால் கழன்றுவிடும். பிடித்து இழுத்தால் காயம் பெரிதாகும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், அழுத்திப் பிடித்தால் போதும். நீண்ட சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகுவது எண்ணெயைவிட நல்ல காவல். நடையில் தின்ன மட்டிப்பழம், வறுத்த கடலை, கருப்பட்டி போதும். கவரில் வரும் எதையும் கொண்டுவர விடாதீர்கள்.

பாம்புக்கடி என்றால் கீறுவது, கட்டுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது. கொலுசு, மோதிரம், வாட்சைக் கழற்றி, கடித்த உறுப்பை மட்டையோடு கட்டி அசையாமல் வைத்து, நேரம் குறித்து, தூக்கிக்கொண்டு இறங்குங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எந்த வழியில் எவ்வளவு நேரம் என்று முந்தின நாளே வண்டியில் ஓட்டிப் பாருங்கள். 108 எதுவரை ஏறி வரும் என்றும் கேளுங்கள். ரப்பர் தோட்டச் சருகில் கிடக்கும் மூக்கு நிமிர்ந்த சிறு குழிவிரியன் கடித்தால் வழக்கமான விஷமுறிவு மருந்து வேலை செய்யாது, சிறுநீரகத்தைத் தாக்கலாம். ‘சின்னப் பாம்புதானே’ என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மருத்துவமனையில் இருந்து கண்காணிக்க வேண்டும். சருகில் கை ஊன்றி உட்காராமல் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

செல்ஃபோன் சிக்னல் கடைசியாகக் கிடைக்கும் இடத்தைப் போகும்போதே குறித்துக்கொண்டு, அங்கிருந்து வீட்டுக்கும் சரக அலுவலகத்துக்கும் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

திரும்பிய பிறகு

முப்பது பக்க அறிக்கையை யாரும் படிப்பதில்லை. இரண்டு பக்கம், தமிழில், ஓடைக் கணக்கும் குப்பை எடையும் ஒரு அட்டவணையாக. ஒரு பிரதி சரக அலுவலகத்துக்கு, ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று காணி ஊருக்கு. ஊருக்குக் கொடுப்பதை நேரில் போய் வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். அவர்கள் திருத்தும் இடங்கள் இருக்கும். யானைப்பாதை, தேன் எடுக்கும் பாறை இவற்றின் சரியான இடத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு வருடக் கணக்கை வைத்து ஓடை கெட்டது, நல்லது என்று முடிவு சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே மாதம், அதே வாரம், அதே மூன்று சலசலப்பில் எடுக்க வேண்டும். அதற்காகப் பாறையில் பெயின்ட் அடித்து அடையாளம் வைக்காதீர்கள். ஜிபிஎஸ் எண்ணோடு, மேலே பார்த்து ஒன்று, கீழே பார்த்து ஒன்று என இரண்டு படம் எடுத்து, வலையின் கண் அளவையும் குறித்து, அந்த வலையையே துறை அலமாரியில் வைத்துவிடுங்கள். வலை மாறினால் சிக்கும் பூச்சியின் எண்ணிக்கையும் மாறும்.